முஃப்லிஸும் மஞ்சள் கடுதாசியும்
நொடிப்புச் சட்டச் சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

விருதுநகர்ச் சந்தையிலும் சிவகாசிக் கடைவீதியிலும் ஒரு வணிகர் பட்ட கடனைத் திருப்ப இயலாத நிலைக்கு வந்துவிட்டால், அதனைச் சொல்ல மக்கள் நாவில் மூன்று வழக்குகள் உண்டு. 'திவாலாகிவிட்டார்' என்பர் சிலர். 'ஐ.பி. கொடுத்துவிட்டார்' என்பர் வேறு சிலர். 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்பது மூன்றாம் வழக்கு. மூன்றையும் ஒரே பொருளில் வழங்குவதே உலக வழக்கம். ஆயினும் ஊன்றி நோக்கின் இவை மூன்றும் மூன்று வேறு நிலைகளைக் குறிப்பன. முதலாவது ஒரு மனிதரின் பொருள்நிலை. இரண்டாவது அவர் நீதிமன்றத்தில் அளிக்கும் மனு. மூன்றாவது அம்மனுவை ஒட்டிக் கடன் கொடுத்தவர் கைக்கு வந்து சேரும் அறிவிப்பு. நிலை வேறு, மனு வேறு, அறிவிப்பு வேறு என்பதை உணராமையால் விளையும் துன்பங்கள் பல. கொடுத்தவர் தம் உரிமையை இழக்கிறார். பட்டவர் தமக்குள்ள பாதுகாப்பை அறியாது ஊரைவிட்டு ஓடுகிறார். இடையே கூலிக்கு உழைத்தவர் வெறுங்கையோடு நிற்கிறார்.

நம் அரபிக் கல்லூரிகளில் குதூரியும் ஹிதாயாவும் ஓதும் மாணவர் 'கிதாபுல் ஹஜ்ர்' என்னும் பாடத்தைக் கடந்தே செல்கின்றனர். எனினும் அப்பாடத்துச் சொற்களுக்கும் வெளியே கடைவீதியில் நடப்பவற்றுக்கும் உள்ள தொடர்பு எடுத்துரைக்கப்படுவது அரிது. ஆகவே இவ்விரு சொற்கோவைகளையும் அருகருகே வைத்து, அவற்றின் வரலாற்றோடு நோக்குவது பயனுடைத்து எனக் கருதுகிறோம்.

சொற்களின் பிறப்பு

'திவால்' என்பது வடபுலத்து 'திவாலா' என்பதன் தமிழ் வடிவம். கடன் முறிந்த வணிகர் பட்டப்பகலில் தம் கடையில் விளக்கேற்றி வைத்துத் தம் நிலையை அறிவிக்கும் வழக்கம் இருந்தது என்றும், விளக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இது பிறந்தது என்றும் ஒரு விளக்கம் உண்டு. சொல்லாராய்ச்சியாளர் எல்லாரும் இதனை ஒப்பவில்லை. தீபாவளியை நம்பி வாழும் ஒரு நிலப்பகுதியில் விழாவின் விளக்கும் வீழ்ச்சியின் விளக்கும் ஒரே வேர்ச்சொல்லைச் சார்ந்தன என்று கூறப்படுவது எண்ணிப் பார்க்கத்தக்கதே.

அரபியில் இந்நிலைக்கு 'இஃப்லாஸ்' என்றும், அந்நிலை எய்தியவருக்கு 'முஃப்லிஸ்' என்றும் பெயர். 'ஃபல்ஸ்' என்பது செப்புக்காசு. பொன்னும் வெள்ளியும் வைத்திருந்தவர் செப்புக்காசு மட்டுமே உடையவரானார் என்பது ஒரு விளக்கம்; ஒரு செப்புக்காசுகூட இல்லை என்று சொல்லத்தக்கவரானார் என்பது மற்றொன்று. இது மொழியியற் பொருள். ஃபிக்ஹு வழக்கில் முஃப்லிஸ் என்பார் ஒன்றுமில்லாத ஏழை அல்லர். அவரிடம் பொருள் இருக்கலாம். ஆனால் செலுத்தவேண்டிய கடன் அப்பொருளை விஞ்சி நிற்கும். ஒன்றுமே இல்லாதவருக்கு 'முஃசிர்' என்பது பெயர். வசதியிருந்தும் இழுத்தடிப்பவரின் செயலுக்கு 'மத்ல்' என்று பெயர். வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநீதி என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுறுத்தியுள்ளார்கள். இம்மூவரையும் பிரித்தறிவதே இத்துறைச் சட்டத்தின் முதற்படி.

மறுமையில் தொழுகை, நோன்பு முதலிய நன்மைகளுடன் வந்தும், பிறரை ஏசியதாலும் அவர் பொருளைத் தின்றதாலும் அந்நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, முடிவில் அவர்தம் பாவங்களைச் சுமந்து நிற்பவரே உண்மையான முஃப்லிஸ் என்னும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அம்மொழியின் உவமை முழுவதும் கடன் கொடுத்தோரிடையே சொத்தைப் பங்கிடும் முறையிலிருந்தே எடுக்கப்பட்டுள்ளது. அவையிலிருந்த தோழர்களுக்கு அப்பங்கீட்டு முறை பழக்கமானதாக இருந்தமையாலன்றோ அவ்வுவமை பொருந்திற்று!

தமிழில் 'கடன்காரர்' என்னும் சொல் கொடுத்தவரையும் குறிக்கும், பட்டவரையும் குறிக்கும். அரபியில் 'ஃகரீம்' என்னும் சொல்லும் அவ்வாறே இருவர்க்கும் பொதுவானது. குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் கொடுத்தவர், பட்டவர் என்றே வழங்குவோம்.

நபிவழியில் நொடிப்பு

அல்பகரா அத்தியாயத்தின் 279, 280ஆம் வசனங்களை அடுத்தடுத்து ஓதுவோர் ஓர் ஒழுங்கைக் காணலாம். வட்டியை விட்டொழித்தால் மூலதனம் கொடுத்தவருக்கு உரியது என்பது முன்னது. பட்டவர் இடுக்கண் உற்றிருப்பின் வசதி வரும்வரை அவகாசம் தரவேண்டும். தருமமாக விட்டுவிடுதல் மேலும் நன்று என்பது பின்னது. அறியாமைக் காலத்தில் தவணை வந்ததும் 'செலுத்து, அன்றேல் தொகையைக் கூட்டு' என்று பட்டவரை நெருக்குவது வழக்கமாயிருந்தது. அதற்கு நேரெதிராக, இயலாதவனுக்குக் காலம் கூடும். தொகை கூடாது என்னும் நெறி நிறுவப்பட்டது.

இந்நெறி நடைமுறையில் எவ்வாறு செயற்பட்டது என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகள் சான்று. முதலாவது, முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களைப் பற்றியது. கொடை மிகுதியால் அவர் கடன்பட்டார். நபியவர்கள் அவர் பொருளின்மீது தடை விதித்து, அதனை விற்று, கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டார்கள். கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் தத்தம் தொகையில் ஏழில் ஐந்து பங்கு கிடைத்ததெனச் சில அறிவிப்புகள் கூறும். இதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலைவாணர் பேசியுள்ளனர். ஆயினும் சட்ட அறிஞர் பெரும்பாலோர் இதனைச் சான்றாகக் கொண்டனர். இன்றைய சட்டமொழியில் 'டிவிடெண்ட்' எனப்படும் பங்கீட்டுத் தொகை இதுவே. ரூபாய்க்கு இத்தனை அணா என நம் முன்னோர் கணக்கிட்டதும் இதனையே.

இரண்டாவது நிகழ்ச்சியை அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்க, முஸ்லிம் பதிவு செய்துள்ளார். ஒருவர் வாங்கிய கனிகள் அழிவுற்றுக் கடன் பெருகிற்று. நபியவர்கள் முதலில் அவருக்குத் தருமம் வழங்குமாறு மக்களைப் பணித்தார்கள். மக்கள் வழங்கினர், கடனுக்கு அது போதவில்லை. பின்னர், கொடுத்தவர்களை நோக்கி, இருப்பதை எடுத்துக்கொள்ளுமாறும் அதற்குமேல் அவர்களுக்கு இல்லை என்றும் கூறினார்கள். சமூகத்தின் உதவி, உள்ள பொருளின் பங்கீடு, அத்துடன் நிறுத்தம் என மூன்று படிகள் இதில் அமைந்துள்ளன. மூன்றாம் படியைக் குறித்து அறிஞர் ஆராய்ந்தனர். மீதிக் கடன் முற்றாக நீங்கியது என்பது அதன் கருத்தன்று. இப்போது அதற்குமேல் கேட்கவோ சிறையிடவோ இயலாது, வசதி வரும்வரை காத்திருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து என்பது பெரும்பாலோர் துணிபு. இத்துணிபு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

மூன்றாவது, உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நிகழ்ந்தது. ஜுஹைனா குலத்து ஒருவர், ஹாஜிகளில் முந்தி வந்தவர் எனும் பெயருக்காக ஒட்டகங்களைக் கடனுக்கு மிகை விலையில் வாங்கி நொடித்துப் போனார். கலீஃபா அவர்கள் மக்கள்முன் அவர் நிலையை அறிவித்து, அவருக்குக் கடன் கொடுத்தோர் மறுநாட் காலை வருமாறும் பொருளைப் பங்கிட்டுத் தருவதாகவும் கூறினார்கள். கடனின் தொடக்கம் கவலை, முடிவு பகை என்று எச்சரித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி உள்ளது. பொது அறிவிப்பு, கொடுத்தவர் அனைவரும் ஒரே நாளில் கூடுதல், விகிதப் பங்கீடு என்னும் முறை அன்றே வேரூன்றிவிட்டதை இது காட்டுகிறது.

ஹஜ்ர்: இமாம்களின் கருத்து வேற்றுமை

கடன்பட்டவர் தம் பொருளைக் கையாளாதவாறு நீதிபதி விதிக்கும் தடைக்கு 'ஹஜ்ர்' என்றும், அவரை முஃப்லிஸ் என அறிவித்தலுக்குத் 'தஃப்லீஸ்' என்றும் பெயர். ஹிஜ்ரி 150இல் மறைந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், அறிவும் பருவமும் எய்திய சுதந்திரமான மனிதர்மீது கடனுக்காக ஹஜ்ர் விதிக்கலாகாது என்றார்கள். பொருள் இழப்பைவிட மனிதனின் தகுதியை இல்லாதாக்குவது பெருந்தீங்கு என்பது அவர்களின் வாதம். வசதியுள்ளவர் தாமே விற்றுச் செலுத்தும்வரை அவரைச் சிறையில் வைக்கலாம். அவர் சார்பில் நீதிபதி விற்றல் கூடாது என்பது அவர்கள் நிலை. அவர்தம் மாணாக்கர் இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) இதற்கு மாறாக, கொடுத்தவர்கள் வேண்டினால் நீதிபதி ஹஜ்ர் விதித்து, சொத்தை விற்றுப் பங்கிடலாம் என்றனர். மாலிகீ, ஷாஃபிஈ, ஹன்பலீ மத்ஹபுகளின் கருத்தும் இதுவே. ஹனஃபீ மத்ஹபிலும் தீர்ப்பு இரு மாணாக்கரின் கருத்துப்படியே அமைந்தது. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' சட்டத் தொகுப்பும் அதனையே ஏற்றது.

விற்கும்போது எதனை விட்டுவைப்பது என்பதிலும் ஆய்வு நிகழ்ந்தது. உடுக்கை, குடும்பத்தின் உணவு ஆகியன பொதுவாக விலக்குப் பெற்றன. குடியிருக்கும் வீட்டை ஷாஃபிஈ மத்ஹபு விற்கச் சொல்லும்; தேவையான வீடெனில் ஹன்பலீ மத்ஹபு விட்டுவைக்கும். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவும் உடை, சமையற் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் வீடு ஆகியவற்றைப் பற்றுகையிலிருந்து விலக்குகிறது. நொடிப்பு வழக்கில் பங்கீட்டுக்கு வரும் சொத்திலும் இவை சேர்வதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில்

இந்தியாவில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாநகர்களுக்கும் நொடிப்பு நீதிமன்றங்களை அமைத்தது 1828ஆம் ஆண்டுச் சட்டம். அதனை 1848ஆம் ஆண்டுச் சட்டம் விரித்தமைத்தது. மாநகருக்கு வெளியேயுள்ள ஊர்களுக்குத் தனிச் சட்டம் நெடுங்காலம் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் சில பிரிவுகளே வழிகாட்டின.

இச்சூழலில், 1906 அக்டோபர் 22ஆம் நாள் சென்னையின் புகழ்பெற்ற ஆர்பத்நாட் நிறுவனம் கதவை அடைத்தது. சிறுகச் சிறுகச் சேமித்தவர்களும் ஓய்வூதியர்களும் அதில் பணம் வைத்திருந்தனர். நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் வழக்கு விசாரணைக்குப் பின் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். பணம் போட்டவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. அதே 1907இல் மாகாண நொடிப்புச் சட்டமும், 1909இல் மாநகர் நொடிப்புச் சட்டமும் வந்தன. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 1920ஆம் ஆண்டின் 5ஆம் எண் மாகாண நொடிப்புச் சட்டம் நிறைவேறியது. நம் பகுதி மக்கள் 'ஐ.பி.' என்று சொல்வது 'இன்சால்வென்சி பெட்டிஷன்' என்பதன் சுருக்கம். இந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அளிக்கும் மனு அது.

இச்சட்டம் பிறந்த அதே காலத்தில்தான் நம் வட்டாரத்தின் முகமும் மாறியது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பெற்றது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. 1923இல் விருதுபட்டி விருதுநகராயிற்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. உறவின்முறை அமைப்பும், வணிகத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் எடுத்து வைக்கும் மகமை நிதியும் அச்சமூகத்தின் கூட்டு வலிமையாய் நின்றன. 1889இல் விருதுநகரில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அக்கூட்டு முயற்சியின் கனி. வணிகச் சமூகம் ஒன்று தன் உறுப்பினரைத் தாங்கிப் பிடிக்கும் வகைக்கு இது நம் கண்முன் உள்ள சான்று.

பட்டாசுத் தொழிலும் கடனும்

பட்டாசு ஆண்டு முழுதும் செய்யப்பெற்று, சில நாட்களில் விற்றுத் தீர்வது. ஆகவே இத்தொழிலின் உயிர்நாடி கடனே. மருந்தும் காகிதமும் கடனுக்கு வரும். சரக்கு வடமாநில வணிகர்களுக்குக் கடனுக்குச் செல்லும். தீபாவளி முடிந்தபின்னரே பெரும்பகுதிப் பணம் திரும்பும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் பிறகண்ணிகளும் ஆடும். 2017 அக்டோபர் 9ஆம் நாள், தீபாவளிக்குச் சில நாட்களே இருக்கையில், தில்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனைக்கு உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் தீர்ப்பு பேரிய உப்பையும் சரவெடியையும் தடுத்தது. அதனைத் தொடர்ந்து சிவகாசி ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. காற்றின் தூய்மைக்காக எழுந்த அத்தீர்ப்புகளின் நியாயத்தை இங்கு நாம் ஆராயவில்லை. சரக்கை அனுப்பியவர், வாங்கியவர், கூலிக்கு உழைத்தவர் ஆகிய எவருடைய ஒழுக்கக்கேடும் இன்றியே கடன் முறிவு நேரக்கூடும் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. கனி அழிந்த அம்மனிதரின் நிலையும் இதுவன்றோ?

அறியவேண்டிய சொற்கள்

முதலாவது, 'நொடிப்புச் செயல்'. ஒருவரை நொடித்தவர் என அறிவிக்க அவர் ஏழை என்பது மட்டும் போதாது. கொடுத்தவர்களைத் தவிர்க்க வீட்டைவிட்டு அகலுதல், மறைந்திருத்தல், இனிச் செலுத்த இயலாது என அறிவித்தல், சொத்தைத் தந்திரமாக மாற்றுதல் முதலியவற்றை 6ஆம் பிரிவு எண்ணிக் காட்டுகிறது. இவற்றுள் ஒன்று நிகழ்ந்த மூன்று மாதத்திற்குள் கொடுத்தவரும் மனு அளிக்கலாம். ஐ.பி. என்பது பட்டவர் மட்டுமே எடுக்கும் ஆயுதம் என்னும் எண்ணம் தவறு.

ஆனால் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 'நொடித்தவர்' என்னும் சொல்லுக்குப் பொருள் வேறு. வணிக வழக்கப்படி கடன் செலுத்துவதை நிறுத்தியவரும், தவணை வந்த கடனைச் செலுத்த இயலாதவரும், நீதிமன்றம் அறிவிக்காவிடினும், அச்சட்டத்தின்படி நொடித்தவரே. அத்தகைய வாங்குநருக்கு அனுப்பிய சரக்கு இன்னும் லாரியில் வழியில் இருந்தால், பணம் பெறாத விற்பனையாளர் அதனை இடைவழியில் நிறுத்தி மீட்கும் உரிமையை 50ஆம் பிரிவு தருகிறது. சரக்கு வாங்குநர் கைக்குப் போய்விட்டால் அவ்வுரிமை தீர்ந்தது. விற்றவரும் ஏனைய கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்கவேண்டியவரே.

இங்கே ஃபிக்ஹின் ஒரு புகழ்பெற்ற விவாதம் நினைவுக்கு வருகிறது. நொடித்தவரிடம் தம் பொருளை மாறாத நிலையில் கண்டவர் அதற்குப் பிறரினும் உரிமையுடையவர் என்னும் நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஷாஃபிஈ முதலிய மூன்று மத்ஹபுகளும், கடனுக்கு விற்றவர் தம் சரக்கை மீட்கலாம் என இதிலிருந்து முடிவெடுத்தன. ஹனஃபீ அறிஞரோ, இந்நபிமொழி அடைக்கலப் பொருள், இரவல் போன்றவற்றைக் குறிப்பது. விற்றுக் கையளித்தபின் உடைமை மாறிவிட்டமையால் விற்றவர் ஏனையோர்க்குச் சமமானவரே என்றனர். கையளித்த சரக்கைப் பொறுத்தவரை இந்தியச் சட்டத்தின் முடிவு ஹனஃபீ முடிவோடு ஒத்திருக்கக் காண்கிறோம்.

இரண்டாவது, 'சொத்து ஒப்படைவு'. நொடித்தவர் என நீதிமன்றம் அறிவித்ததும் அவர் சொத்து நீதிமன்றத்திடமோ 'ரிசீவர்' எனப்படும் பொறுப்பாளரிடமோ சேரும். அதன் விளைவு மனு அளித்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். தனித்தனியே வழக்குத் தொடர நீதிமன்ற அனுமதி வேண்டும். அடைமானம் பெற்றவரின் உரிமை மட்டும் கெடாது. 'ரஹ்ன்' பெற்றவர் முந்துவார் என்னும் ஃபிக்ஹு விதியும் இத்தகையதே.

மூன்றாவது, 'முறைகேடான மாற்றம்'. மனுவுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் கைம்மாறின்றிச் செய்த சொத்து மாற்றத்தை 53ஆம் பிரிவும், மூன்று மாதத்திற்குள் ஒருவருக்கு மட்டும் முந்துரிமை தந்து செலுத்தியதை 54ஆம் பிரிவும் செல்லாததாக்க வழி செய்கின்றன. வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவிட்டு மறுமாதம் ஐ.பி. கொடுப்போர் இதனை உணரவேண்டும். கடன் முழுச் சொத்தையும் சூழ்ந்துகொண்டவர், ஹஜ்ருக்கு முன்னரும் தானம் செய்வதைக் கொடுத்தவர்கள் தடுக்கலாம் என்பது மாலிகீ மத்ஹபு. ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும்: செலுத்தப்படாத மஹர் உண்மையான கடன், மனைவியும் அத்தொகைக்குக் கொடுத்தவர்களுள் ஒருவரே. அந்த உரிமையைப் போலிக் கணக்குக்குத் திரையாக்குவது கொடுத்தவர்க்கும் துரோகம், மனைவிக்கும் துரோகம்.

நான்காவது, 'முன்னுரிமை'. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61ஆம் பிரிவு அரசுக் கடனோடு, எழுத்தர், பணியாள், கூலியாள் ஆகியோரின் முந்திய நான்கு மாத ஊதியத்துக்கும் முதலிடம் தந்தது. ஆனால் அதன் மேல்வரம்பு 20 ரூபாய்! 1920இல் பொருளுடையதாயிருந்த அத்தொகை இன்று ஒரு வேளை உணவுக்கும் போதாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு இக்குறை உறுத்தாதிருக்க இயலாது.

ஐந்தாவது, 'ஜாமீன்'. ஃபிக்ஹில் இது 'கஃபாலா'. கொடுத்தவர் பட்டவரையும் கேட்கலாம், ஜாமீன் நின்றவரையும் கேட்கலாம் என்பது பெரும்பாலோர் முடிவு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவும் இருவர் பொறுப்பும் ஒரே அளவினது என்கிறது. பட்டவர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டாலும் ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை. 'ஒரு கையெழுத்துத்தானே' என்று இடுவோர் இதனை மறவாதிருப்பாராக.

ஆறாவது, 'சிறை'. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு, வசதியிருந்தும் தீய நோக்கோடு செலுத்த மறுப்பவரையன்றி, இயலாத ஏழையைக் கடனுக்காகச் சிறையிடுவது அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்கு முரண் என உறுதி செய்தது. முஃசிர் வேறு, மத்ல் செய்பவர் வேறு என்னும் பாகுபாட்டையே அத்தீர்ப்பு வேறு மொழியில் கூறுகிறது எனலாம்.

2016ஆம் ஆண்டின் புதிய சட்டம்

2016இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு நிறைவேறியது. நிறுமங்களுக்குரிய பகுதி அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனிமனிதருக்கும் கூட்டாண்மைக்கும் உரிய மூன்றாம் பகுதியோ, நிறுமக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிமனிதரைப் பொறுத்து மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் செயற்படுத்தப்பட்டது. 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. ஆதலின் சிவகாசியில் தனி உரிமையாளராகவோ கூட்டாளியாகவோ தொழில் செய்பவர் நொடித்தால், 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தையோ அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்தையோ நாடவேண்டும். நம் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. அதே தொழிலைப் பிரைவேட் லிமிடெட் நிறுமமாக நடத்துபவர் விவகாரம் சென்னையிலுள்ள தேசிய நிறுமச் சட்டத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும். அங்கு வழக்குத் தொடங்க, செலுத்தத் தவறிய தொகை ஒரு லட்சம் ரூபாய் போதும் என்றிருந்ததை 2020 மார்ச் மாதம் ஒரு கோடியாக உயர்த்தினர். சிறு சரக்கு வழங்குநர்க்கு அவ்வாயில் பெரிதும் அடைபட்டது.

புதிய தொகுப்பின் 53ஆம் பிரிவு, நிறுமம் கலைக்கப்படுகையில் நடைமுறைச் செலவை அடுத்து, தொழிலாளரின் 24 மாத நிலுவையை அடைமானம் பெற்ற வங்கிகளுக்குச் சமமாக வைக்கிறது. 20 ரூபாயோடு ஒப்பிட இது பெரும் முன்னேற்றம். ஆயினும் ஒரே தெருவில் ஒரே வேலை செய்யும் இரு தொழிலாளருள், முதலாளி நிறுமமாயின் ஒருவருக்கு ஈராண்டு ஊதியத்துக்கு முன்னுரிமை. முதலாளி தனிமனிதராயின் மற்றவருக்கு 20 ரூபாய்க்கே முன்னுரிமை. இம்முரண் களையப்படுதல் வேண்டும்.

விடுவிப்பும் திம்மாவும்

இனி இவ்வாய்வின் மையத்துக்கு வருவோம். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இறுதிச் சொல் 'விடுவிப்பு'. நொடித்தவர் தம் சொத்தை ஒப்படைத்து ஒழுங்காக நடந்துகொண்டால் நீதிமன்றம் அவரை மீதிக் கடனிலிருந்து விடுவிக்கும். சொத்தின் மதிப்பு கடனில் ரூபாய்க்கு எட்டணாவுக்குக் குறையின், தம் தவறின்றி நேர்ந்தது என அவர் மெய்ப்பிக்காவிடில், முழு விடுவிப்பு மறுக்கப்படும். அரசுக் கடனும் மோசடியால் பட்ட கடனும் விடுவிப்பில் நீங்கா. விடுவிக்கப்பெறாத நொடித்தவர் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினராக இயலாது என அரசமைப்பின் 102, 191ஆம் உறுப்புகள் விதிக்கின்றன. முஆத் (ரலி) அவர்கள் வாயிலாகக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த ஏழில் ஐந்து பங்கு, நம் பழைய கணக்கில் ரூபாய்க்குப் பதினோரு அணாவுக்கும் சற்று மேல். அதன்பின் நபியவர்கள் அவரை யமனுக்கு ஆளுநராய் அனுப்பினார்கள். நொடிப்பு அவருடைய மாண்பைக் குறைக்கவில்லை.

ஆனால் சட்டத்தின் விடுவிப்பும் ஷரீஅத்தின் அவகாசமும் ஒன்றல்ல. மனிதனின் பொறுப்பேற்கும் தகுதிக்கு ஃபிக்ஹில் 'திம்மா' என்று பெயர். கடன் அத்திம்மாவில் நிலைகொள்கிறது. பங்கீட்டுக்குப்பின் எஞ்சியது அங்கேயே தங்கும். நெருக்கும் உரிமை மட்டுமே நிறுத்தப்படும். அது நீங்க வழி இரண்டே: ஒன்று செலுத்துதல், மற்றொன்று கொடுத்தவர் மனமுவந்து விட்டுவிடும் 'இப்ரா'. எனவே நீதிமன்றத்தில் விடுவிப்புப் பெற்ற முஸ்லிம் வணிகர், பிற்காலத்தில் வசதி பெற்றால் பழைய கணக்கைத் தேடிச் சென்று மூலதனத்தைத் தீர்க்கக் கடமைப்பட்டவர். உலக நீதிமன்றம் கேளாது. மறுமை நீதிமன்றம் கேட்கும். 'சட்டம் விட்டுவிட்டது' என்பது அங்கே விடையாகாது.

இதன் மறுபக்கமும் உண்டு. கொடுத்தவர் பக்கத்துக் கடமையை நாம் பேசுவது குறைவு. கடன்பட்டோர், ஸகாத் பெறத் தகுந்த எட்டு வகையினருள் ஒரு வகையினர் என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுக்கிறது. நம் ஊர்களில் ஸகாத் பெரும்பாலும் ஏழைக்கும் வறியவருக்கும் சில்லறையாய்ப் பிரிந்துபோகிறது. 'ஃகாரிமீன்' என்னும் பங்கு பெயரளவில் நிற்கிறது. கனி அழிந்தவருக்காக நபியவர்கள் முதலில் மக்களின் தருமத்தையே நாடினார்கள். பங்கீடு அதன் பின்னரே வந்தது. நாமோ முதற்படியை விட்டு இரண்டாம் படியிலேயே தொடங்குகிறோம். அதனால் ஒடுக்கப்பட்ட வணிகர் கந்துவட்டிக்காரரின் வாயிலில் நிற்கிறார். 2003இல் தமிழக அரசு அதீத வட்டிக்கெதிரான சட்டம் இயற்றியபின்னும் அவ்வாயில் அடைபடவில்லை.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, இராசபாளையம் ஆகிய ஊர்களின் ஜமாஅத்துகள், ஸகாத்தில் ஃகாரிமீன் பங்கைத் தனிக் கணக்காய் வைக்கலாம். வீண் செலவாலன்றி இடுக்கணால் கடன்பட்டவர் இவர் என ஆலிமும் வணிகரும் வழக்கறிஞரும் அடங்கிய சிறு குழு ஆய்ந்து அறியலாம். கொடுத்தவர்களை ஒருங்கே அழைத்து, கணக்கை வெளிப்படையாய் வைத்து, கூலியாளின் நிலுவையை முதலில் தீர்த்து, எஞ்சியதைப் பங்கிட்டு, இயன்றவர் 'இப்ரா' செய்யவும் ஏனையோர் அவகாசம் தரவும் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யலாம். அங்ஙனம் செய்தால் மஞ்சள் கடுதாசி பலருக்குத் தேவையற்றுப் போகும். தேவைப்படுவோர்க்கும் அது ஓடி ஒளிவதற்குரிய அவமானமாக இராது. கணக்கை மன்றத்தின்முன் வைக்கும் நேர்மையாக அமையும். மகமை நிதியால் பள்ளிகளை எழுப்பிய ஒரு சமூகத்தின் நடுவே வாழும் நமக்கு இது இயலாத செயலன்று.